இளமீன்களில் நீண்டகால நச்சுச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதிப்பொருள்களை மீன் குஞ்சுகளில் வாரக்கணக்கில் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் பெரும்பாலும் ஜீப்ரா மீனை வைத்தே எழுதப்பட்டவை. நம் ஊர் ஆய்வகங்களில் கைக்கு எட்டுவது அதுதான்.

96 மணி நேரச் சோதனையில ஒரு மீன்கூடச் சாகலை. அப்புறம் எதுக்கு இன்னும் ஒரு மாசம்?

96 மணி நேரச் சோதனை ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது: நான்கு நாளில் பாதி மீன்கள் சாக எவ்வளவு செறிவு வேண்டும்? அந்த நான்கு நாளும் மீனுக்கு இரை போடுவதில்லை, அதனால் வளர்ச்சி கணக்கிலேயே வராது. ஆற்றிலும் ஏரியிலும் நடப்பது வேறு. சாகடிக்காத அளவில் ஒரு பொருள் வாரக்கணக்கில் தண்ணீரில் இருக்கும். முட்டை தாமதமாகப் பொரியும், குஞ்சின் முதுகு வளையும், இரையைத் துரத்த முடியாமல் போகும், உடம்பு ஏறாது. சிறுத்துப்போன குஞ்சு காட்டு நீரில் அடுத்த மீனின் வாய்க்குத்தான் போகும்.

முழு வாழ்நாளையும் தொடர்ந்து பார்ப்பது பல மாத வேலை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் டுலூத் ஆய்வகத்தில் இருந்த மெக்கிம், 34 வேதிப்பொருள்களை நான்கு மீனினங்களில் சோதித்த 56 வாழ்நாள் சோதனைகளைத் தொகுத்து 1977இல் வெளியிட்டார். கரு, இளங்குஞ்சு, தொடக்க இளமீன் ஆகிய பருவங்கள்தான் மிக எளிதில் அடிபடுபவை, அல்லது அப்படிப்பட்டவற்றுள் அடங்குபவை என்று அதில் தெரிந்தது. பல மாத வேலையை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் சுருக்கத் துணிந்ததற்கு அடிப்படை இதுதான்.

"இளமீன்"னா எந்த வயசு? 210, 215ன்னு ரெண்டு நம்பர் சொல்றாங்களே?

இரண்டும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) சோதனை வழிகாட்டி எண்கள். 210 கருவுற்ற முட்டையில் தொடங்குகிறது. பொரிதல், மஞ்சள் கரு கரைதல், முதல் இரை எடுத்தல் எல்லாம் தாண்டி, குஞ்சு தானாக நீந்தி வளரும் பருவம் வரை போகும். ஜீப்ரா மீனுக்கும் மெடாகாவுக்கும் பொரிந்தபின் 30 நாள், ஃபேட்ஹெட் மின்னோவுக்கு 28 நாள், ரெயின்போ ட்ரவுட்டுக்கு 60 நாள். 1992இல் வந்த இந்த வழிகாட்டி 2013இல் திருத்தப்பட்டது.

215 என்பது 2000இல் வந்த இளமீன் வளர்ச்சிச் சோதனை. இங்கே முட்டை கிடையாது. ஏற்கெனவே இரை எடுத்து வளர்ந்துகொண்டிருக்கும் மீனை (ட்ரவுட் என்றால் 1 முதல் 5 கிராம்) எடைபோட்டுத் தொட்டியில் விட்டு, 28 நாளுக்குப் பின் மீண்டும் எடைபோடுவார்கள். செய்ய எளிது. ஆனால் மிக மென்மையான பருவம் கைவிட்டுப் போய்விடுகிறது. எது வேண்டும் என்று கேட்டால் எங்கள் பதில் 210. குறிப்பாக வளர்ச்சி வேகத்தை மட்டும் துல்லியமாக அறிய வேண்டியிருந்தால் 215 போதும்.

ரோகு, கெண்டைக் குஞ்சு வச்சுச் செய்யக் கூடாதா? நம்ம ஊர் மீன்தானே முக்கியம்?

ஆராய்ச்சிக்குத் தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். வேதிப்பொருளைப் பதிவு செய்ய அரசிடம் கொடுக்கும் அறிக்கை என்றால்தான் சிக்கல். பொரிப்பு இத்தனை சதவீதம், பிழைப்பு இத்தனை சதவீதம் என்று கட்டுப்பாட்டுத் தொட்டிக்கு (வேதிப்பொருள் சேர்க்காமல் ஒப்பிட வைக்கும் தொட்டி) ஏற்கப்பட்ட அளவுகோல் பழகிய இனங்களுக்கே இருக்கிறது. ரோகு சினைப் பருவத்தில்தான் முட்டை தரும். ஜீப்ரா மீன் ஆண்டு முழுவதும் தரும். அதுவும் அயல் மீன் அல்ல, கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் மீன்தான். 26 டிகிரியில் வளர்வதால் நமக்குச் செலவும் குறைவு. ட்ரவுட் முட்டைக்கு 10 டிகிரி வேண்டும். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட் பொரிப்பகம் இருப்பது அந்தக் குளிரை நம்பித்தான். சமவெளியில் இரண்டு மாதத்துக்கு மேல் குளிரூட்டி நிற்காமல் ஓடியாக வேண்டும்.

எத்தனை முட்டை, எத்தனை தொட்டி, எவ்வளவு தண்ணி?

ஐந்து செறிவு, ஒரு கட்டுப்பாடு. ஒவ்வொன்றுக்கும் நான்கு தொட்டி, தொட்டிக்கு 20 முட்டை. ஆக 24 தொட்டி, 480 முட்டை. கரைப்பான் (பொருளைத் தண்ணீரில் கலக்க உதவும் அசிட்டோன் போன்ற திரவம்) பயன்படுத்தினால் அதற்குத் தனியாக ஒரு கட்டுப்பாடு சேரும்: 28 தொட்டி, 560 முட்டை.

தண்ணீர்க் கணக்கைத்தான் பலர் கடைசியில் போடுகிறார்கள். தொட்டியில் 5 லிட்டர் நிற்கிறது, ஒரு நாளில் அதன் ஐந்து மடங்கு ஓட வேண்டும் என்றால் 25 லிட்டர். 24 தொட்டிக்கு நாளொன்றுக்கு 600 லிட்டர், முட்டைப் பருவமும் சேர்த்து 34 நாளுக்கு 20,400 லிட்டர். இவ்வளவும் ஒரே தரத்தில், குளோரின் இல்லாமல், 26 டிகிரியில் வர வேண்டும். லாரித் தண்ணீரை நம்பித் தொடங்கி, நடுவில் வேறு ஊற்றிலிருந்து லோடு வந்து கடினத்தன்மை மாறிப்போனால் சோதனை அங்கேயே கெட்டுவிடும்.

வேதிப்பொருள் கொஞ்சம்தான் செலவாகும். லிட்டருக்கு 320, 100, 32, 10, 3.2 மைக்ரோகிராம் என்று வைத்தால், ஒவ்வொரு செறிவுக்கும் நாளுக்கு 100 லிட்டர். எல்லாம் சேர்த்து நாளுக்கு 46.5 மில்லிகிராம், மொத்தம் ஒன்றரை கிராம் சொச்சம்.

முட்டையை உடையாம எப்படி எடுக்கிறது?

ஜீப்ரா மீன் போட்ட முட்டையைத் தானே தின்னும். அதனால் முட்டையிடும் தொட்டியின் அடியில் வலைத்தட்டு வைக்க வேண்டும், அல்லது கோலிக்குண்டை இரண்டு மூன்று அடுக்காகப் பரப்ப வேண்டும். முட்டை ஒட்டாது, இடுக்கில் இறங்கி அடியில் தங்கிவிடும். முந்தின நாள் மாலை ஆணையும் பெண்ணையும் விட்டால், காலையில் விளக்கு எரிந்த அரை மணிக்குள் முட்டை விழத் தொடங்கும். வாய் அகன்ற குழாயால் உறிஞ்சி, சோதனைத் தண்ணீரில் கழுவுங்கள்.

28 டிகிரியில் முட்டை முக்கால் மணி நேரத்தில் முதல் பிளவுக்கு வந்துவிடும். செல் பிளக்கும் முன்பே வேதிப்பொருளைச் சந்திக்க வேண்டும் என்பதால், பொறுக்கி முடித்தபின் நஞ்சில் விடலாம் என்று காத்திருக்காதீர்கள். முட்டைகளைத் தொகுதியாக உடனே அந்தந்தச் செறிவுக் கரைசலில் போட்டுவிட்டு, பிறகு நுண்ணோக்கியில் பார்த்து, செல்கள் சீராகப் பிளந்திருப்பவற்றை மட்டும் எண்ணித் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரே ஜோடியின் முட்டை ஒரே தொட்டியில் சேராதபடி கலந்து பிரிப்பதும் முக்கியம்.

செறிவுகளை எப்படி முடிவு பண்றது?

மேல் எல்லை மூன்று: 96 மணி நேர எல்சி50 (பாதி மீன்களைக் கொல்லும் செறிவு), லிட்டருக்கு 10 மில்லிகிராம், தண்ணீரில் அந்தப் பொருள் கரையும் அளவு. இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் போக வேண்டியதில்லை. அங்கிருந்து கீழே 3.2 மடங்குக்கு மிகாத இடைவெளியில் இறங்குங்கள். மேலே 320, 100 என்று எழுதியது அந்தக் கணக்குதான்.

எல்லாச் செறிவிலும் விளைவு வந்தால் கீழே பிடிமானம் இல்லை. எதிலுமே வராவிட்டால் மேலே இல்லை. இரண்டிலும் ஒரு மாதம் போனதுதான் மிச்சம். அதனால் இரண்டு மூன்று செறிவில், தொட்டிக்குப் பத்து முட்டை வைத்து, பொரிந்தபின் ஒரு வாரம் வரை முன்னோட்டம் பார்த்துவிடுவது நல்லது. 10 மில்லிகிராமிலும் ஒன்றும் ஆகாது என்று முன்பே தெரிந்தால், அந்த ஒரு செறிவையும் கட்டுப்பாட்டையும் மட்டும் வைத்து எல்லைச் சோதனையாக முடிக்கலாம். மீன்களும் அத்தனை மிச்சம்.

கட்டுப்பாட்டுத் தொட்டியிலயே எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில குஞ்சு கொத்துக்கொத்தா சாகுது. மருந்தே போடலையே?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. காரணம் பெரும்பாலும் பட்டினி. 26 டிகிரியில் முட்டை மூன்றாம் நாள் பொரியும். ஐந்தாம் நாள் குஞ்சு நீந்தும், வாய் திறந்திருக்கும். ஏழாம் நாள் வாக்கில் மஞ்சள் கரு தீர்ந்துவிடும். அதற்குள் இரை பிடிக்கக் கற்காத குஞ்சு இரண்டு மூன்று நாள் தாங்கும். பிறகு தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் தெரியும், அதன்பின் என்ன கொடுத்தாலும் தேறாது. எட்டாம் நாள் சாகிற குஞ்சுக்கான தவறு ஐந்தாம் நாள் நடந்திருக்கிறது.

முதல் இரையின் அளவுதான் விஷயம். முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் குஞ்சின் வாய்க்குள் அது போகாது. முதல் நான்கைந்து நாள் பாரமீசியம், ரோட்டிஃபர் போன்ற நுண்ணுயிரிகளோ, நுண்தூள் இரையோ கொடுங்கள். பிறகு இரண்டு நாள் இரண்டையும் கலந்து, அதன்பின் ஆர்ட்டீமியாவுக்கு மாறுங்கள். வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது. ஆர்ட்டீமியாவை உப்புநீர் போக நன்னீரில் அலசி, ஓட்டைப் பிரித்துவிட்டுப் போடுங்கள். ஓடு குடலை அடைக்கும். நன்னீரில் அது சில மணி நேரமே உயிரோடு இருக்கும். எனவே ஒரே தடவையாகக் கொட்டாமல் நாளுக்கு இரண்டு முதல் நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக.

இரை சரியாக இருந்தும் சாகிறதா? நீர்ப்பரப்பைப் பாருங்கள். குஞ்சு நான்காம், ஐந்தாம் நாளில் மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கித்தான் நீந்துபையை நிரப்புகிறது. பரப்பில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது முடியாது. நிரம்பாத குஞ்சு அடியில் கிடந்து துள்ளும், இரையை எட்டாது. மூன்றாவது காரணம் நீரோட்டம். வெளியேறும் வாயின் வலையில் குஞ்சு ஒட்டிக்கொண்டு மடியும். முதல் பத்து நாள் வலையின் பரப்பை அகலமாக்கி இழுப்பைக் குறையுங்கள்.

வேதிப்பொருள் எதுவும் இல்லாமல், முட்டை முதல் 30 நாள் வரை ஒருமுறை வளர்த்துப் பார்க்காத எந்த ஆய்வகமும் இந்தச் சோதனையைத் தொடங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஓடுற தண்ணிதான் வேணுமா? தினமும் மாத்தினா போதாதா?

பொருள் நிலையானதாக இருந்தால் போதும். ஒவ்வொரு நாளும் குறைந்தது மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீரைப் புதுக் கரைசலால் மாற்ற வேண்டும், அல்லது சுத்தமான புதுத் தொட்டிக்குக் குஞ்சுகளை மாற்ற வேண்டும். குஞ்சை வலையில் அள்ளாதீர்கள். கண்ணாடிக் குழாயால் தண்ணீரோடு சேர்த்து எடுங்கள்.

ஆனால் ஆவியாகும் பொருள், கண்ணாடியில் ஒட்டும் பொருள், நுண்ணுயிர் தின்னும் பொருள் எல்லாம் 24 மணி நேரத்தில் பாதியாகிவிடக்கூடும். அவற்றுக்கு ஓடும் நீரைத் தவிர வேறு வழி இல்லை. நாளுக்கு 25 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 17 மில்லி சொச்சம். தினமும் ஒவ்வொரு தொட்டியின் வரத்தையும் அளவுக்குழலும் கடிகாரமும் வைத்துப் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது.

ராத்திரி கரண்ட் போயிட்டா?

காற்று நின்றால் குஞ்சு சாகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு: தண்ணீர் மோட்டார் நின்று, மருந்து பம்ப் (சோதிக்கும் வேதிப்பொருளைச் செலுத்தும் பம்ப்) மட்டும் பேட்டரியில் ஓடுவது. காலையில் வந்து பார்த்தால் தொட்டியில் பல மடங்கு செறிவு இருக்கும். தண்ணீர் வரத்து நின்றால் மருந்து பம்பும் நிற்கும்படி இணைப்புக் கொடுங்கள். மாறாக மருந்து நின்று தண்ணீர் மட்டும் ஓடினால் குஞ்சு பிழைக்கும், ஆனால் அன்றைய செறிவு போய்விட்டது. இரண்டில் எது நடந்தாலும் நேரத்தோடு குறித்து, உடனே மாதிரி எடுத்து அளந்து, அறிக்கையில் சொல்ல வேண்டும்.

என் பொருள் தண்ணில கரையவே மாட்டேங்குது. அசிட்டோன் ஊத்தலாமா?

முதலில் அசிட்டோன் இல்லாமல் முயலுங்கள். பொருளைக் கண்ணாடி மணிகளிலோ சிலிக்கோனிலோ பூசி, அதன் வழியே தண்ணீரைச் செலுத்திக் கரைய வைக்கும் முறைகள் இருக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் கரைப்பானின் உச்ச அளவு லிட்டருக்கு 100 மைக்ரோலிட்டர். 20க்குள் வைப்பது நல்லது. எல்லாச் செறிவிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். முன்பு சொன்ன தனிக் கட்டுப்பாடு இதற்காகத்தான்.

ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், அசிட்டோனும் எத்தனாலும் பாக்டீரியாவுக்கு விருந்து. ஒரு வாரத்தில் கண்ணாடியில் வழுவழுவென்று படலம் ஏறும். அந்தப் பாக்டீரியா ஆக்ஸிஜனைக் குடிக்கும், சில சமயம் சோதிக்கும் பொருளையே தின்னும். இன்னொன்று: கரைப்பான் பொருளின் கரைதிறனை உண்மையில் கூட்டுவதில்லை, சீக்கிரம் கலக்க உதவுகிறது, அவ்வளவுதான். கரையும் எல்லையைத் தாண்டினால் நுண்துகள் மிதக்கும். குஞ்சின் செவுளில் அடைப்பது அந்தத் துகளா, வேதிப்பொருளின் நஞ்சா என்று அப்புறம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் நாள் செறிவு சரியா இருந்துச்சு. ரெண்டாம் வாரம் பாதியாயிடுச்சு. பம்ப் சரியாத்தான் ஓடுது.

பம்பை விட்டுவிட்டுத் தொட்டியின் அடியைப் பாருங்கள். தின்னாத இரை, கழிவு, மேலே சொன்ன படலம் மூன்றும் கொழுப்பில் கரையும் பொருளை உறிஞ்சிக்கொள்ளும். குஞ்சு வளர வளர அதன் உடம்பும் எடுத்துக்கொள்ளும். தினமும் இரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அடியை உறிஞ்சி எடுங்கள், சுவரைத் துடையுங்கள், வரத்தைக் கூட்டுங்கள். மருந்துக் கலனிலிருந்து தொட்டி வரை உள்ள குழாய் எந்தப் பொருளால் ஆனது என்பதையும் பாருங்கள். ரப்பர், சிலிக்கோன் குழாய்கள் நிறைய விழுங்கும்.

குறைந்தது வாரம் ஒருமுறை ஒவ்வொரு செறிவிலும் மாதிரி எடுத்து அளக்க வேண்டும். சராசரியைச் சுற்றி 20 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. நிற்காவிட்டால், போட நினைத்த செறிவை மறந்துவிட்டு, அளந்த செறிவின் அடிப்படையில்தான் முடிவைச் சொல்ல வேண்டும். 100 போட்டதாக நினைத்து 45தான் இருந்தது என்றால், நஞ்சை இரு மடங்குக்கு மேல் குறைத்துக் காட்டியிருப்போம்.

தினமும் என்னென்ன எழுதணும்?

முட்டைப் பருவத்தில் வெள்ளையாக உறைந்த முட்டைகளை எண்ணி, உடனே எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பஞ்சு போலப் பூஞ்சை கிளம்பி, ஒட்டியிருக்கும் நல்ல முட்டையையும் பிடிக்கும். பொரிந்தவை எத்தனை, எந்த நாள், எந்த நேரம் என்று எழுதுங்கள். குஞ்சுப் பருவத்தில் இறப்பு, கோணல், நடத்தை. இதயத் துடிப்பும் செவுள் அசைவும் இல்லாமல், தொட்டாலும் அசையாவிட்டால்தான் இறந்தது என்று கணக்கு. காணாமல் போன குஞ்சையும் தனியாகக் குறியுங்கள். சின்னக் குஞ்சு செத்தால் ஒரு இரவில் கரைந்துவிடும்.

கோணல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். டையாக்சின் வகைப் பொருள்களில் குஞ்சின் மஞ்சள் கருப் பை நீர் கோத்து, நீலம் பாய்ந்து, பலூன் போல உப்பும். அதைச் சுற்றி ரத்தக் கசிவு தெரியும், இதயம் நீண்டு நூலாகிவிடும். ஒன்டாரியோ ஏரியின் ஏரி ட்ரவுட் இனம் அழிந்ததில் இந்தப் பாதிப்புக்கும் பங்கு உண்டு. இப்படிப்பட்ட அடையாளம் நஞ்சு எந்த வழியில் வேலை செய்கிறது என்று காட்டிக்கொடுக்கும். ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆக்ஸிஜனையும் வெப்பநிலையையும் எல்லாத் தொட்டியிலும் குறைந்தது வாரம் ஒருமுறையும், ஒரு தொட்டியில் வெப்பநிலையைத் தொடர்ச்சியாகவும் பதியுங்கள்.

எப்போ சோதனை செல்லாதுன்னு தூக்கிப் போடணும்?

கரைந்த ஆக்ஸிஜன் நிறைவளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போனால், தொட்டிகளுக்கிடையிலோ நாள்களுக்கிடையிலோ வெப்பநிலை 1.5 டிகிரிக்கு மேல் விலகினால், செறிவுகளை அளந்த சான்று இல்லாவிட்டால். ஜீப்ரா மீனில் கட்டுப்பாட்டுப் பொரிப்பு 70 சதவீதத்துக்கும், பொரிந்தபின் பிழைப்பு 75 சதவீதத்துக்கும் குறைந்தாலும் அப்படியே. 215இல் கட்டுப்பாட்டு இறப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ட்ரவுட்டின் சராசரி எடை 28 நாளில் பாதியளவாவது கூடியிருக்க வேண்டும். வளராத மீனில் வளர்ச்சித் தடையைக் காண முடியாது.

அதிகச் செறிவுல இருக்கிற மீன் கட்டுப்பாட்டைவிடப் பெருசா இருக்கு! அப்போ மருந்து நல்லதுதானா?

முதலில் அந்தத் தொட்டியில் எத்தனை மீன் மிச்சம் என்று எண்ணுங்கள். 20இல் எட்டு செத்திருந்தால், இருபது பேருக்கான இரையைப் பன்னிரண்டு தின்கிறது. இடமும் அதிகம். பலவீனமான சிறு குஞ்சுகள் முதலில் செத்ததால் சராசரியும் தானாக ஏறும். நஞ்சு வளர்ச்சியைத் தடுப்பதும் நெரிசல் குறைந்து வளர்ச்சி கூடுவதும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

இரையைத் தொட்டிக்கு இவ்வளவு என்று போடாமல், அன்றைய தலைக் கணக்குக்கு அளந்து போடுவதுதான் மாற்று. 215இல் தொடக்க எடையின் 4 சதவீதம் என்று நாளிரை வைப்பதும் இதற்காகவே. எடை முடிவைப் பிழைப்பு எண்ணிக்கையோடு சேர்த்தே எழுதுங்கள். தனியாக எழுதப்பட்ட சராசரி எடை படிப்பவரைத் தவறான வழியில் கொண்டுபோகும்.

எடை 15 சதவீதம்தான் குறைஞ்சிருக்கு. அது பெரிய விஷயமா?

215இல் இதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மீன் 2.0 கிராமில் தொடங்கியது என்று வையுங்கள். 28 நாளில் கட்டுப்பாட்டு மீன் 3.4 கிராம், மருந்தில் இருந்தது 2.9 கிராம். கடைசி எடையில் வித்தியாசம் 15 சதவீதம். ஆனால் இரண்டு மீனும் கையோடு கொண்டுவந்த 2 கிராம் நம் சோதனையில் வந்ததல்ல. வளர்ச்சி வேகம் என்பது கடைசி எடையின் இயல்மடக்கையிலிருந்து தொடக்க எடையின் இயல்மடக்கையைக் கழித்து, நாளால் வகுப்பது. கட்டுப்பாட்டில் 0.531ஐ 28ஆல் வகுத்தால் நாளுக்கு 0.0190. மருந்தில் 0.372ஐ வகுத்தால் 0.0133. குறைவு 30 சதவீதம்.

எடை போடும் முன் 24 மணி நேரம் இரையை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் குடலில் இருக்கும் இரையைத்தான் எடை போடுவீர்கள். ஈர எடை என்றால் ஒவ்வொரு மீனையும் ஒரே மாதிரி ஒற்றி எடுக்க வேண்டும். 50 மில்லிகிராம் குஞ்சில் ஒரு சொட்டுத் தண்ணீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதனால் ஜீப்ரா குஞ்சுக்கு 60 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்திய எடையைத்தான் நாங்கள் நம்புகிறோம்.

ஒரு செறிவுக்கு 80 மீன் இருக்கு. புள்ளியியல்ல 80ன்னே போடலாமா?

கூடாது. ஒரு தொட்டியில் இருக்கும் 20 மீனும் ஒரே தண்ணீரை, ஒரே வெப்பத்தை, ஒரே வெளிச்சத்தைப் பகிர்கின்றன. ஜன்னலோரத் தொட்டி ஒரு டிகிரி சூடாக இருந்தால் இருபதும் சேர்ந்தே பெரிதாகும். அலகு தொட்டிதான், எண் நான்கு. 80 என்று போட்டால் இல்லாத வித்தியாசம் எல்லாம் இருப்பதாகக் காட்டும். தொட்டிகளை அலமாரியில் செறிவு வரிசைப்படி அடுக்காமல் சீட்டுக் குலுக்கி வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

என்ஓஇசி கொடுக்கணுமா, இசி10 கொடுக்கணுமா?

இரண்டையும் கேட்கிறார்கள். என்ஓஇசி என்பது கட்டுப்பாட்டிலிருந்து வித்தியாசம் நிரூபிக்கப்படாத மிக உயர்ந்த செறிவு. நாம் போட்ட ஐந்து எண்களில் ஒன்றாகத்தான் அது இருக்க முடியும். அதைவிட மோசம், அது ஒழுங்கற்ற வேலைக்குப் பரிசு தருகிறது. தொட்டிக்குத் தொட்டி எடை தாறுமாறாக இருந்தால் வித்தியாசத்தை நிரூபிக்க முடியாது, என்ஓஇசி மேலே போகும், பொருள் பாதுகாப்பானது போலத் தோன்றும். இசி10, அதாவது பத்து சதவீத விளைவு தரும் செறிவு, வளைகோட்டிலிருந்து வருகிறது, தன் நம்பிக்கை இடைவெளியோடு வருகிறது. தரவு இடம் கொடுத்தால் எங்கள் ஓட்டு இசி10க்கு.

விளைவே இல்லைன்னு வந்தா, அந்த அளவு ஆத்துல இருந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ரீச் எனப்படும் ஐரோப்பிய வேதிப்பொருள் சட்ட முறையில், பாசி, டாஃப்னியா (நீர்த்தெள்ளு), மீன் என்று மூன்று நிலைகளில் நீண்டகால முடிவு இருந்தாலும் அவற்றில் மிகக் குறைந்ததைப் பத்தால் வகுத்த பிறகே பாதுகாப்பான செறிவு என்கிறார்கள். இரண்டு நிலை மட்டும் இருந்தால் ஐம்பதால், ஒன்று மட்டும் இருந்தால் நூறால்.

இந்தச் சோதனைக்குத் தெரியாத பக்கம் ஒன்றும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கிய ஏரிகளில் ஒன்றில், கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையாலை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் சேர்த்தார்கள். ஆண் மீன்கள் முட்டைப் புரதத்தைச் சுரந்தன, விரைகளில் முட்டை தோன்றியது, அந்த ஏரியின் ஃபேட்ஹெட் மின்னோ கூட்டம் அழிவின் விளிம்புக்குப் போனது. 30 நாள் குஞ்சின் நீளத்தையும் எடையையும் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. ஹார்மோனில் கை வைக்கும் பொருள் என்ற சந்தேகம் இருந்தால் பாலின வளர்ச்சியைப் பார்க்கும் ஓஇசிடி 234 போன்ற சோதனைக்குப் போக வேண்டும்.

இத்தனை குஞ்சுகளைக் கொல்லாம இதைச் செய்யவே முடியாதா?

குறுகியகாலச் சோதனைக்கு மாற்று வந்துவிட்டது: 96 மணி நேரக் கருச் சோதனை 2013இலும், ட்ரவுட் செவுள் செல்களில் செய்யும் சோதனை 2021இலும் ஓஇசிடி ஏற்பு பெற்றன. வாரக்கணக்கில் வளர்ச்சியைப் பார்க்கும் சோதனைக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை. ஐரோப்பியச் சட்டம் தானாக இரை எடுக்கும் பருவம் முதல் குஞ்சைக் காப்புக்கு உரிய விலங்காகப் பார்க்கிறது. ஜீப்ராவில் அது ஐந்தாம் நாள். அதன்பின் வரும் ஒவ்வொரு நாளும் நம் பொறுப்பு. துடிக்கும் மீனை விட்டுவைக்காமல் மயக்கமருந்தின் மிகையளவில் முடித்துவிடுங்கள். ட்ரைகெயின் என்ற மயக்கமருந்து தண்ணீரை அமிலமாக்கும். சோடா உப்பால் சமன்செய்த பிறகே மீனை அதில் விட வேண்டும். மீன்களை உண்மையிலேயே மிச்சப்படுத்துவது, கட்டுப்பாடு தோற்று இரண்டாம் முறை செய்யும் நிலை வராமல் பார்த்துக்கொள்வதுதான்.

இங்க செஞ்ச அறிக்கையை வெளிநாட்டுல ஏத்துப்பாங்களா?

ஏற்பார்கள். தரவுகளைப் பரஸ்பரம் ஏற்கும் ஓஇசிடி ஏற்பாட்டில் இந்தியா 2011 மார்ச்சில் முழுமையாகச் சேர்ந்தது. ஆய்வகத்துக்கு ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று இருக்க வேண்டும், மூலப் பதிவேடுகள் பேனா எழுத்தோடு பத்திரமாக இருக்க வேண்டும்.

வெளியே வர்ற தண்ணியைச் சாக்கடையில விடலாமா?

நாளுக்கு 600 லிட்டர், அதில் 500 லிட்டரில் மருந்து இருக்கிறது. முழுவதையும் ஒரு தொட்டியில் சேர்த்து, வண்டலை வடிகட்டி, கிளர்வூட்டிய கரி நிரம்பிய இரண்டு கலன்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அவற்றின் வழியே விடுங்கள். முதல் கலனுக்கும் இரண்டாவதற்கும் நடுவே மாதிரி எடுக்க ஒரு குழாய் இருக்கட்டும். அங்கே பொருள் தென்படத் தொடங்கினால் முதல் கலனின் கரி நிரம்பிவிட்டது. அதை எடுத்து அபாயக் கழிவாக ஒப்படைத்துவிட்டு, இரண்டாவதை முன்னால் நகர்த்தி, புதுக் கரிக் கலனைப் பின்னால் மாட்டுங்கள். கரியில் ஒட்டாத, தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருள்களுக்கு இது உதவாது. அவற்றுக்கு ஆக்ஸிஜனேற்றமோ வேறு வழியோ சோதனை தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும். செத்த குஞ்சுகளும், துடைத்த துணிகளும், மிஞ்சிய மருந்துக் கரைசலும் எரிப்புக்குப் போகும் பையில்.